பெயர் வேறு, ஃபைல் வேறு: சம்பா பேட்ச் ரிவ்யூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பா என்பது விண்டோஸ் கணினிகள் நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையை லினக்ஸ் சர்வரில் பேசும் மென்பொருள். கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இன்று அலுவலக சர்வரிலும், மேசை ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்கும் நாஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் சேமித்துத் தரும்) பெட்டிகள் பலவற்றிலும் உள்ளே ஓடுவது இதுதான். அதன் ஃபைல் கையாளும் பகுதிக்கு வரும் பேட்ச்களை, அதாவது கோடு திருத்தங்களை, ஒப்புவதற்கு முன் எப்படிப் படிப்பது (ரிவ்யூ) என்று புதிதாகச் சேர்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. உதாரணம் சம்பா என்றாலும் என்எஃப்எஸ் (யூனிக்ஸ் உலகின் ஃபைல் பகிர்வு நெறிமுறை) சர்வருக்கும், நீங்களே எழுதிய எஃப்டிபி சர்வருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

சி மொழி கொஞ்சம் தெரியும், சம்பா கோடு தெரியாது. நான் ரிவ்யூ செய்யலாமா?

தாராளமாக. மொத்த கோடையும் தலைக்குள் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழகிய கண் தாண்டிப்போகும் வரியில் புதுக் கண் நின்றுவிடும், அதுதான் உங்களுக்கு வசதி. "இந்த இடத்தில் ஃபோல்டரே இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒருவர் வெகுளியாகக் கேட்டு, மூன்று பேர் பார்த்து முடித்த பேட்ச் திரும்பிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம்தான் உங்களிடம் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில்.

டிஃப்பை (பழைய கோடுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை) திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

சேர்த்த பச்சை வரி, நீக்கிய சிவப்பு வரி இரண்டையும் விடுங்கள். முதலில் கமிட் மெசேஜ், மாற்றத்தோடு எழுதியவர் சேர்க்கும் குறிப்பு. என்ன கோளாறு, எந்த பக் எண், ஏன் இந்த வழி என்று மூன்றும் இருக்க வேண்டும். "ஃபைல் ஓப்பன் சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள்.

அடுத்து, பேட்ச் தொட்ட ஃபங்ஷனை முழுதாகத் திறந்து படியுங்கள். டிஃப் காட்டுவது மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி. அது போதவே போதாது. படிக்கும்போது, பாதை என்பது வெறும் எழுத்தாகக் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) போகும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஸ்டாட் (விவரம் கேட்பது), ஓப்பன், ரீனேம், அன்லிங்க் (பெயரை அழிப்பது), சிமோட் (அனுமதியை மாற்றுவது), எதையும் விடவேண்டாம். ஒரே பெயருக்கு ஒரு கோட்டுக்கு மேல் விழுந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். என் ரிவ்யூ நேரத்தில் பாதி அங்கேதான் கரைகிறது.

ஒரே பெயரை இரண்டு முறை கொடுத்தால் என்ன? அதே ஃபைல்தானே வரும்?

பெரும்பாலும் வரும். வந்தே தீரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, அங்கேதான் சிக்கல்.

யூனிக்ஸில் ஃபைல் என்பது ஐநோடு, டிஸ்க்கில் அதற்கென உள்ள எண்ணிட்ட பதிவு. பெயர் அதற்கு வெளியே, ஃபோல்டருக்குள் எழுதி வைத்த ஒரு சீட்டு. சீட்டைக் கிழிக்கலாம், வேறு ஐநோடைக் காட்டும்படி மாற்றலாம், அதே இடத்தில் ஒரு சிம்லிங்கை, வேறொரு பாதையைக் காட்டும் சுட்டியை, வைத்து எங்கோ திருப்பிவிடலாம். வீட்டு வாசலில் கதவு எண் பலகையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, முக்குக் கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ அந்தப் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டிவிட்டால், நீங்கள் நுழைவது எந்த வீடு?

சம்பாவில் இது நடந்தே இருக்கிறது. 2017 மார்ச்சில் வெளியான சிவிஇ-2017-2619 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). வாடிக்கைக் கணினி (சர்வரிடம் ஃபைல் கேட்கும் கணினி) ஒரு பாதையைக் கேட்கும். சர்வர் ரியல்பாத் (சிம்லிங்கை அவிழ்த்து உண்மைப் பாதையைத் தரும் ஃபங்ஷன்) போட்டு, "இது ஷேருக்கு (பகிர்ந்த ஃபோல்டருக்கு) உள்ளேதான் இருக்கிறது" என்று உறுதி செய்யும். பிறகு அதே பெயரை ஓப்பனுக்குக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. அந்த இடைவெளியில், அதே ஷேரில் எழுதும் உரிமை உள்ள இன்னொருவர், எஸ்எம்பி-1 யூனிக்ஸ் நீட்சிகள் வழியாகவோ என்எஃப்எஸ் வழியாகவோ, சோதித்து முடித்த பெயரை நகர்த்திவிட்டு அதே இடத்தில் வெளியே காட்டும் சிம்லிங்கை வைத்துவிடலாம். சர்வர் நல்ல பிள்ளையாக அதைத் திறந்து கொடுத்துவிடும். ஒரு தடவையில் மாட்டாது. ஆனால் லூப்பில் போட்டுச் சுற்றவிட்டால் எப்போதாவது ஒரு தடவை மாட்டும், தாக்குபவருக்கு அது போதும்.

இந்த மாதிரிக் கோடைப் படிக்கும்போது கண்ணுக்குத் தவறே தெரியாது. சோதனை இருக்கிறது, சோதனைக்குப் பிறகுதான் திறக்கிறது, எல்லாம் முறைப்படி. அதனால்தான் பென்சில் கோடு போடச் சொல்கிறேன். லாஜிக்கைத் தேடினால் இது அகப்படாது, எண்ணிக்கையைத் தேடினால் அகப்படும்.

அப்போது சரியான வழி எது?

முதலில் திற, பிறகு சோதி. பெயரை ஒரே ஒரு முறை கர்னலுக்குக் கொடுத்து ஹேண்டிலை, அதாவது திறந்த ஃபைலுக்கான பிடியை, வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு செய்வதெல்லாம் அந்த ஹேண்டிலின் மேல்தான்: ஸ்டாட்டுக்குப் பதில் எஃப்ஸ்டாட், சிமோட்டுக்குப் பதில் எஃப்சிமோட். வெளியே யார் பெயரை எப்படி மாற்றினாலும் கையில் இருக்கும் ஹேண்டில் மாறாது.

சொல்வதற்கு ஒரு வரி. செய்து முடிக்க சம்பா டீமுக்கு வருஷங்கள் ஆயின. 2017-ல் செய்த திருத்தம் இப்படி: மேல் ஃபோல்டருக்குள் சிடிர் செய் (உள்ளே போய் நில்), உண்மையில் எங்கே வந்து நிற்கிறோம் என்று கேள், ஷேருக்கு உள்ளே என்றால் கடைசிப் பெயரை மட்டும் ஓ-நோஃபாலோ கொடியுடன் திற. அந்தக் கொடி இருந்தால் கடைசிப் பெயர் சிம்லிங்காக இருக்கும்போது கர்னலே மறுத்துவிடும். இது 4.6.1-ல் வந்தது. அந்தத் திருத்தமே ஒரு புதுக் கோளாறைக் கூட்டிவந்ததால் அதே மாதக் கடைசியில் 4.6.2 வெளியிட வேண்டியிருந்தது. ஓட்டையை அடைப்பது எவ்வளவு கடினம் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பதிப்பு எண்களைக் காட்டுவேன்.

இருந்தும் ஃபைலின் விவரங்களைப் படிக்கும், மாற்றும் இடங்களில் பாதை வழி அழைப்புகள் மிச்சமிருந்தன. அது சிவிஇ-2021-20316 என்று தனியாகப் பெயர் வாங்கியது. உள்கட்டமைப்பையே ஹேண்டில் வழிக்கு மாற்றி எழுதிய 4.15, 2021 செப்டம்பரில் வந்த பிறகுதான் அதற்குத் தீர்வு. பழைய பதிப்புகளுக்குச் சின்ன பேட்ச் போட்டு ஒட்ட வழியே இல்லை, அத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது.

ஆகவே இன்று வரும் பேட்ச் ஒன்றில் ஓப்பன்அட் (ஃபோல்டரின் ஹேண்டிலிலிருந்து திறக்கும் அழைப்பு), எஃப்ஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது பாதை வழி ஸ்டாட்டைப் புதிதாக நுழைத்திருந்தால் "ஏன்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். சில சமயம் நியாயமான காரணம் இருக்கும்.

பாதை ஷேருக்கு உள்ளே இருக்கிறதா என்று சோதிக்கும் கோடில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பக் அதில்தான் இருக்கிறது.

உங்கள் ஷேர் "/தரவு/கணக்கு" என்று வைத்துக்கொள்வோம். சிம்லிங்கை எல்லாம் அவிழ்த்த பிறகு வரும் உண்மைப் பாதை "/தரவு/கணக்கு" என்ற எழுத்துகளுடன் தொடங்கினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. முன்பகுதி ஒப்பீடு, ஒரே ஒரு வரி. படித்தால் சரியாகத்தான் படும்.

இப்போது பக்கத்திலேயே "/தரவு/கணக்குப்பிள்ளை" என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கிறது. அதுவும் "/தரவு/கணக்கு" என்றுதான் தொடங்குகிறது! கணக்கு ஷேருக்குள் ஒரு சிம்லிங்க் கணக்குப்பிள்ளையைக் காட்டினால் சோதனை "உள்ளேதான்" என்று விட்டுவிடும். சிவிஇ-2015-5252 இதேதான். 2015 டிசம்பரில் 4.3.3, 4.2.7, 4.1.22 பதிப்புகளில் சரிசெய்தார்கள். முன்பகுதி பொருந்திய பிறகு அடுத்த எழுத்து சாய்கோடாகவோ பாதையின் முடிவாகவோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தீர்வு.

ரிவ்யூவில் முன்பகுதி ஒப்பீடு எங்கே கண்ணில் பட்டாலும் "கணக்குப்பிள்ளை" என்று ஓரத்தில் எழுதிவிடுவேன். எங்கள் குழுவில் இப்போது எல்லோருக்கும் அந்த ஒரு சொல்லே போதும். இன்னொன்று: ஷேர் பாதையே வெறும் "/" என்றால்? அடுத்த எழுத்து சாய்கோடாக இருக்காது, சோதனை எல்லாவற்றையும் மறுத்துவிடும். அந்த ஓரத்தையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

ஒரு வரி பேட்சுக்கும் இத்தனை ஆராய்ச்சியா?

2017 மே மாதம் வந்த சிவிஇ-2017-7494-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகள் அதைச் சம்பாக்ரை என்று எழுதின. பைப் (சர்வரில் உள்ள ஒரு சேவையோடு பேசும் வழி) பெயர் என்று வாடிக்கைக் கணினி அனுப்பும் சொல்லில் சாய்கோடு இருக்கக்கூடாது. அதைச் சோதிக்க மறந்திருந்தார்கள். எழுதும் உரிமை உள்ள ஷேரில் ஒரு லைப்ரரி ஃபைலைப் போட்டுவிட்டு, அதன் முழுப் பாதையைப் பைப் பெயராகக் கேட்டால் சர்வரே அதை ஏற்றி ஓட்டிவிடும். திருத்தம் என்னவோ "பெயரில் சாய்கோடு இருந்தால் மறு" என்ற ஒரு சின்ன இஃப்தான். கோளாறு 3.5.0 முதல் இருந்தது, அது 2010-ல் வந்த பதிப்பு. ஏழு வருஷம் எத்தனையோ கண்கள் அந்த ஃபங்ஷனைக் கடந்து போயிருக்கின்றன.

வெளியிலிருந்து வரும் சொல் எதுவாக இருந்தாலும், அது கடைசியில் ஃபைல் பெயராக மாறுகிறதா என்று பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். "இது பைப் பெயர், ஃபைல் பெயர் இல்லை" என்று பேட்ச் எழுதியவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களால் சிக்கல் வருமா?

வரும். இதை நம் ஆட்களே சோதிப்பதில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

முதல் சிக்கல் நீளம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆக மொத்தம் 85 குறிதான் கொள்ளும். விண்டோஸ் பக்கம் கணக்கு வேறு, அங்கே யூடிஎஃப்-16-ல் 255 அலகு. "2023-24 மூன்றாம் காலாண்டு கொள்முதல் விவரப்பட்டியல்" என்று நீட்டி முழக்கி, ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் சேர்த்து வைத்த ஃபைல் சொந்த லேப்டாப்பில் சாதாரணமாகச் சேமிக்கும், சர்வருக்குக் காப்பி செய்யும்போது பாதியில் நின்றுவிடும். ஆகவே பெயரின் நீளத்தை எண்ணும் வரி பேட்சில் இருந்தால், எண்ணுவது பைட்டையா எழுத்தையா என்று கேளுங்கள்.

இரண்டாவது இன்னும் குறும்பானது. "கொள்முதல்" என்ற சொல்லின் "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறி ஒரு விதம். ககரத்துடன் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகள் இன்னொரு விதம். முதல் விதத்தில் மொத்தச் சொல்லும் 27 பைட், இரண்டாவதில் 30. திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். லினக்ஸ் கர்னலுக்கோ இரண்டும் வேறு வேறு பெயர்கள். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ்+ பிரித்து வைக்கும் விதத்தையே பிடித்துக்கொண்டிருந்தது, விண்டோஸ் விசைப்பலகை வழியாக வருவது வழக்கமாகச் சேர்த்த விதம். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருப்பதாகவும், ஒன்றை அழித்தால் மற்றது போகவில்லை என்றும் யாராவது புகார் கொடுத்தால் பேய் பிசாசைத் தேடாமல் பைட்டை எண்ணுங்கள்.

பெயரை ஒப்பிடும் கோடை மாற்றும் பேட்சுக்கு டெஸ்ட் கேட்கும்போது கொ, கோ, கௌ மூன்றும் உள்ள பெயர்களைப் போடச் சொல்வது என் வழக்கம். முதலில் விசித்திரமாகப் பார்ப்பார்கள். பிறகு டெஸ்ட் உடையும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம்?

தமிழில் அந்தத் தொல்லை இல்லை, ஆங்கிலப் பெயர்களால் வருவது. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தில் கேட்டாலும் சின்ன எழுத்தில் கேட்டாலும் ஒரே ஃபைல். லினக்ஸுக்கு அப்படி இல்லை. கேட்ட பெயர் அப்படியே கிடைக்காவிட்டால், வேறு எழுத்து வடிவில் இருக்கிறதா என்று சம்பா ஃபோல்டர் முழுவதையும் படித்துப் பார்க்கும். ஏற்கெனவே இருக்கும் ஃபைலைச் சரியான பெயரில் கேட்டால் பிரச்சினை இல்லை. புது ஃபைல் உருவாக்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் "இல்லை" என்று நிரூபிக்க வேண்டும். 1 லட்சம் ஸ்கேன் படங்கள் குவிந்த ஃபோல்டரில் 1 லட்சத்து ஒன்றாவதைப் போடுவதற்கு அந்த 1 லட்சம் பெயரையும் பார்த்தாக வேண்டும். ஃபோல்டர் படிக்கும் லூப்பில் பேட்ச் எதையாவது சேர்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எரர் வழிகளைப் படிக்கச் சலிப்பாக இருக்கிறது. அவ்வளவு முக்கியமா?

நல்ல வழியை எழுதியவரே பத்து தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். எரர் வழியை யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள்தான் முதல் ஆள்.

ஒவ்வொரு ரிட்டர்னிலும் நின்று கேளுங்கள்: திறந்த ஹேண்டில் மூடப்பட்டதா, டாலாக்கில் (சம்பாவின் நினைவக ஒதுக்கியில்) எடுத்த நினைவகம் திரும்பியதா, பாதி உருவான ஃபைல் டிஸ்க்கில் கிடக்கிறதா? பிறகு எந்த எரர் எண் வெளியே போகிறது என்று பாருங்கள். விண்டோஸ் மென்பொருள்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கும். "ஃபைல் இல்லை" என்பதும் "அங்கே போகும் பாதையே இல்லை" என்பதும் எஸ்எம்பியில் இரண்டு தனி விடைகள். முதலாவதைச் சொன்னால் ஃபைலை உருவாக்கப் பார்க்கும், இரண்டாவதைச் சொன்னால் ஃபோல்டரை உருவாக்கப் பார்க்கும். யூனிக்ஸில் இரண்டுக்கும் ஒரே எண் வருவதால் சர்வர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

எர்னோவால் (கர்னல் அழைப்பு தோற்றால் எரர் எண் வந்து உட்காரும் மாறி) நான் பட்டதைச் சொல்கிறேன். சம்பாவை உள்ளே வைத்து விற்கும் ஒரு பெட்டிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். எழுத முடியாமல் போனால் தற்காலிக ஃபைல்களைத் துப்புரவு செய்துவிட்டு எரரைத் திருப்பும் ஒரு பேட்ச் வந்தது. துப்புரவு ஃபங்ஷன் ஃபோல்டரைப் படிக்கிறது. படிப்பதற்கு முன் எர்னோவை 0 ஆக்குவது வழக்கம், அப்படியே செய்தது. திரும்பி வந்து எர்னோவை விண்டோஸ் எரராக மாற்றும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தது. அந்த ஃபங்ஷன் 0-ஐப் பார்த்தால் "வெற்றி" என்று சொல்லாது. எரர் வழியில்தான் என்னைக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று சொல்லும். சம்பா கோடில் கமென்ட்டோடு அப்படித்தான் எழுதியிருக்கிறது.

விளைவு: பயனருக்குக் கோட்டா (ஒதுக்கிய டிஸ்க் இடம்) நிறைந்துவிட்டது, திரையில் வந்ததோ அனுமதி மறுப்பு. அந்த இடத்து நிர்வாகி இரண்டு நாள் ஏசிஎல்லையும் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) குரூப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கூடக் கொடுத்துவிட்டார். சரியான திருத்தம், எரர் வந்த மறு வரியிலேயே எர்னோவை ஒரு லோக்கல் மாறியில் பத்திரப்படுத்துவது. அந்த பேட்சை ரிவ்யூ செய்து ஒப்பியவன் நான்.

லாக் சம்பந்தமான பேட்ச் வந்தால்?

டீ வாங்கிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போசிக்ஸ் (யூனிக்ஸ் பொதுத் தரம்) லாக்குக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. ஒரு பிராசஸ் ஒரே ஃபைலை இரண்டு தடவை திறந்து, முதல் ஹேண்டிலில் லாக் போட்டிருக்கிறது. இரண்டாவது ஹேண்டிலை மூடினாலும் முதலாவதன் லாக் போய்விடும். வாடிக்கைக் கணினி இணைப்பு ஒன்றுக்கு ஒரு எஸ்எம்பிடி (சம்பாவின் சர்வர் நிரல்) பிராசஸ் என்பதால் ஒரே பிராசஸுக்குள் ஒரே ஃபைல் பல தடவை திறந்திருப்பது சர்வசாதாரணம். ஆகவே லாக் மிச்சம் இருக்கும்வரை சம்பா சில ஹேண்டில்களை உண்மையில் மூடாமல் ஒதுக்கி வைத்திருக்கும். இது தெரியாத ஒருவர் "ஹேண்டில் லீக் ஆகிறது" என்று நல்லெண்ணத்தோடு குளோஸ் போட்டு பேட்ச் அனுப்பினால், டெஸ்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், இரண்டு பேர் ஒரே டேட்டாபேஸ் ஃபைலைத் திறந்த நாளில் நாறும். லினக்ஸ் 3.15-ல், 2014-ல், ஹேண்டிலோடு ஒட்டிக்கொள்ளும் வேறு வகை லாக் வந்தது. அந்த வகையையா பழையதையா பேட்ச் பயன்படுத்துகிறது என்று பார்க்கவும்.

ஷேர் மோடு வேறு கதை. "நான் திறந்திருக்கும்வரை வேறு யாரும் எழுதக்கூடாது" என்ற விண்டோஸ் நிபந்தனைக்கு லினக்ஸ் கர்னலில் நேரடி இணை இல்லை. சம்பா அதைத் தன் சொந்த டிடிபி (சின்ன டேட்டாபேஸ்) ஃபைலில் எழுதி வைக்கிறது. அங்கே குறிப்பு டிவைஸ் எண், ஐநோடு எண்ணின் பேரில்தான் இருக்கிறது, ஃபைல் பெயரின் பேரில் இல்லை. இங்கேயும் அதே கதைதான் பாருங்கள்.

அழிப்பதிலும் அப்படித்தான். விண்டோஸ் வழக்கில் "மூடும்போது அழி" என்று கொடி போட்டால் கடைசி ஹேண்டில் மூடும்வரை ஃபைல் இருக்கும். கொடி விழுந்த பிறகு புதிதாகத் திறக்க வருபவருக்கு "அழிப்பு நிலுவையில்" என்று விடை போகும். பேட்ச் நேரடியாக அன்லிங்க் போட்டால் இந்த மரியாதையெல்லாம் கிடையாது.

ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு) ஆகும் இடங்கள்?

எஸ்எம்பிடி பெரும்பாலும் பயனரின் அடையாளத்தில் ஓடும், சில வேலைக்கு மட்டும் ரூட் ஆகித் திரும்பும். ரூட் ஆகும் வரிக்கும் திரும்பும் வரிக்கும் நடுவே எத்தனை வரி என்று எண்ணுங்கள். நடுவில் ஒரு ரிட்டர்ன் இருந்தால் பேட்சைத் திருப்பி அனுப்புங்கள். நடுவில் பயனர் கொடுத்த பாதையை வைத்து ஓப்பன் இருந்தால் திருப்பி அனுப்பிவிட்டு ஃபோனும் போடுங்கள்.

பாதுகாப்பு கூட்டினால் வேகம் குறையாதா?

குறைந்தது. 4.13 முதல் 4.16 வரை சோதனைக்கும் திறப்புக்கும் நடுவே சிம்லிங்க் நுழைவதைத் தடுக்கச் செய்த வேலைகளால் சின்னச் சின்ன ஃபைல்களை ஏராளமாகத் திறக்கும் இடங்களில் சர்வர் மந்தமானது. 2022 செப்டம்பரில் வந்த 4.17-ன் வெளியீட்டுக் குறிப்பே அதை ஒப்புக்கொள்கிறது. அந்தப் பதிப்பில் பாதையின் ஒவ்வொரு படிக்கும் இரண்டு சிஸ்டம் கால் (கர்னலுக்கான அழைப்பு) என்று குறைத்தார்கள். கர்னல் 5.6-ம் அதற்கு மேலும் இருந்தால் ஓப்பன்அட்2 என்ற அழைப்பில் "வழியில் எங்கேயும் சிம்லிங்க் கூடாது" என்று சொல்லிவிடலாம், மொத்த ஃபோல்டர் பாதைக்கும் இரண்டே சிஸ்டம் கால் போதும். ஆறு படி ஆழமான ஃபோல்டருக்கு 12 எங்கே, 2 எங்கே!

வேகம் பற்றிய வாக்குவாதத்தில் வாயை மூடிக்கொண்டு எஸ்டிரேஸ் (சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் கருவி) ஓட்டுங்கள். பேட்சுக்கு முன் எத்தனை சிஸ்டம் கால், பின் எத்தனை என்று இரண்டு எண்ணைப் போட்டால் பேச்சு முடிந்தது.

இடைவெளியில் நடக்கும் பக்கை எப்படி நிரூபிப்பது? எனக்கு வரவே மாட்டேன் என்கிறதே.

இடைவெளியை அகலமாக்குங்கள். சோதனைக்கும் ஓப்பனுக்கும் நடுவே 10 நொடி ஸ்லீப் போட்டு பில்ட் செய்யுங்கள். இன்னொரு டெர்மினலில் அந்த 10 நொடிக்குள் ஃபோல்டரை நகர்த்தி சிம்லிங்க் வையுங்கள். திறந்துவிட்டால் பக் உண்டு. "நிஜத்தில் மைக்ரோ நொடிதானே" என்று யாராவது சொன்னால், கர்னலின் ரீனேமில் இரண்டு பெயர்களை ஒரே அடியில் இடம் மாற்றும் வசதி இருக்கிறது, அதை லூப்பில் சுழலவிட்டுக் காட்டுங்கள். ஸ்லீப் போட்ட கோடைக் கமிட் செய்துவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

கமென்ட்டை எப்படி எழுதுவது? எழுதியவர் என்னைவிட சீனியர்.

கேள்வியாக எழுதுங்கள், ஆனால் விடை தேவைப்படும் கேள்வியாக. "இது பாதுகாப்பானதா?" என்பதற்கு "ஆமாம்" என்று பதில் வந்து முடிந்துவிடும். "214-வது வரி ஸ்டாட்டுக்கும் 231-வது வரி ஓப்பனுக்கும் நடுவில் பெயர் மாறினால் எந்த ஐநோடு திறக்கும்?" என்று கேட்டால் சீனியரும் திரும்பிப் போய்ப் படிப்பார். கோடில் ஸ்பேஸ், டேப் பற்றிய குறைகள் இருந்தால் கடைசியில் ஒரே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

ஒப்புதல் யார் கொடுப்பது?

சம்பாவில் டீம் உறுப்பினர் இருவரின் பெயர் வேண்டும். எழுதியவரே உறுப்பினர் என்றால் அவர் ஒருவர், இன்னொருவர் பார்க்க வேண்டும். கமிட்டில் "ரிவ்யூவ்டு-பை" வரி ஏறும், பிறகு முழு டெஸ்டும் தானாக ஓடித் தேறினால்தான் உள்ளே போகும். ஒவ்வொரு கமிட்டும் தனியாக பில்ட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பக் தேடி பைசெக்ட் செய்பவர் (கமிட்களைப் பாதி பாதியாக வெட்டித் தேடுபவர்) நம்மைச் சபிப்பார். உங்கள் அலுவலகத்தில் ஒரே ஆள் எழுதி அவரே ஒப்பும் வழக்கம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

நான் ஒப்பிய பேட்சில் பிறகு பக் வந்தால்?

உங்கள் பெயர் கிட்டில் (கோடு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியில்) இருக்கும், அழிக்க முடியாது. மேலே சொன்ன எர்னோ பேட்சில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அந்த நிர்வாகிக்கு நானே ஃபோன் செய்து, என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "777 போட்டேனே, அதை இப்போது திருப்பணுமா சார்?" என்று கேட்டார். அன்று மாலை இருவருமாக உட்கார்ந்து பழைய பேக்கப்பிலிருந்து ஏசிஎல்லை ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்துப் போட்டு முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது.